காணாமல் போன ஐந்து அவுன்ஸ்

1898 ஜூன் மாதம் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் உடற்கூறியலாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. பெயர்பெற்ற பேராசிரியர்கள் பலர் வந்திருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பிறருடைய எலும்பையும் மூளையையும் அளந்து பழகியவர்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களிலேயே 35 பேருடைய தலைகள் அளக்கப்பட்டன. புருவ மேட்டிலிருந்து பிடரி வரை நீளம். காதுகளுக்கு மேலே, தலை மிக அகன்றிருக்கும் இடத்தில் அகலம். காதுத் துளை மட்டத்திலிருந்து உச்சந்தலை வரை உயரம். ஆளுக்கு மூன்று எண்கள்.

அந்த எண்கள் லண்டனில் ஆலிஸ் லீ என்பவருடைய கணக்குக்கு வந்து சேர்ந்தன. அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. பெண்களுக்கான பெட்ஃபர்ட் கல்லூரியில் படித்து, 1884இல் அறிவியல் பட்டமும் அடுத்த ஆண்டு கலைப் பட்டமும் வாங்கி, அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்து வந்தவர். டப்ளின் பேராசிரியர்களோடு இன்னும் இரண்டு குழுக்களை அவர் சேர்த்துக்கொண்டார். ஒன்று, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் வேலை பார்த்த ஆண்கள் 25 பேர். மற்றொன்று, தம்முடைய பெட்ஃபர்ட் கல்லூரி மாணவிகள் 30 பேர். தலை பெரிதாக இருந்தால் அறிவும் பெரிதாக இருக்குமா என்பதுதான் அவர் விடை தேடிய கேள்வி.

இன்றைக்கு இந்தக் கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அன்றைக்கு லண்டனில் ஒரு பெண் பட்டம் வாங்கலாமா, மருத்துவம் பார்க்கலாமா, வாக்களிக்கலாமா என்ற ஒவ்வொரு வாதத்திலும் இது வந்து நின்றது. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் இதை விரிவாகப் பார்க்கிறோம்.

எடைபோட்டவர்கள்

பாரிஸ் அறுவை மருத்துவர் பால் புரோகா, மருத்துவமனைகளில் இறந்தவர்களின் மூளைகளை எடைபோட்டு வந்தார். 292 ஆண்களின் மூளை சராசரியாக 1,325 கிராம். 140 பெண்களின் மூளை சராசரியாக 1,144 கிராம். வித்தியாசம் 181 கிராம். எடைபோட்டதில் பிழை இல்லை. புரோகா கவனமான மனிதர். பேச்சுக்கான மூளைப் பகுதியைக் கண்டறிந்த பெருமை அவருக்கு உண்டு. பெண்களின் உடல் சராசரியில் சிறியது, அதனால் மூளையும் சிறிதாகத்தான் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும், பெண்கள் ஆண்களைவிட அறிவில் சற்றுக் குறைந்தவர்கள் என்பது நாம் அறிந்ததே, எனவே எடைக் குறைவில் ஒரு பங்கு அதனால் வந்ததாகவே இருக்கும் என்று எழுதினார். எதை நிரூபிக்க வேண்டுமோ அதையே ஆதாரமாக எடுத்துவைத்தார்.

லண்டனில் இந்த வாதத்துக்கு உரு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ரோமானிஸ். டார்வினின் சீடர், ராயல் சொசைட்டி உறுப்பினர். 1887இல் ஒரு முன்னணி மாத இதழில் ஆண் மனம், பெண் மனம் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். பெண்ணின் மூளை ஆணுடையதைவிட ஏறக்குறைய ஐந்து அவுன்ஸ், அதாவது 140 கிராம் அளவுக்கு, குறைவு என்றார். பெண்கள் படிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. படிக்கட்டும் என்றே சொன்னார். ஆனால் எவ்வளவுதான் படித்தாலும், காணாமல் போன அந்த ஐந்து அவுன்ஸைப் பரம்பரை வழியாக ஈடுகட்டப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்றார். வெறுப்போடு சொல்லியிருந்தால் எதிர்ப்பது எளிது. அக்கறையோடும் எண்களோடும் சொன்னதால் அது மறுக்க முடியாத உண்மைபோல நின்றது.

அவருடைய குருவும் இப்படித்தான் நினைத்தார். 1871இல் வந்த 'மனிதனின் தோற்றம்' நூலில் ஆண்களே அறிவில் மேலானவர்கள் என்று டார்வின் எழுதியிருந்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து கரோலின் கென்னார்ட் என்ற பெண்மணி அதைப் பற்றி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். இன்றைய லண்டன் மாநகரத்தின் தென்கிழக்கு எல்லைக்குள் இருக்கும் டவுன் ஹவுஸ் வீட்டிலிருந்து 1882 ஜனவரியில் டார்வின் பதில் போட்டார். பெண்கள் ஒழுக்கத்தில் ஆண்களை விஞ்சியவர்கள், அறிவில் குறைந்தவர்கள். சமமாக வேண்டுமானால் ஆண்களைப்போலச் சம்பாதிக்க வேண்டும், அப்படிச் செய்தால் பிள்ளைகளும் குடும்பமும் பாதிக்கப்படும் என்பது அந்தப் பதிலின் சாரம். கென்னார்ட் விடவில்லை. பெண்கள் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். ஆணுக்குக் கிடைத்த சூழலையும் வாய்ப்பையும் பெண்ணுக்கும் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் அறிவில் குறைந்தவள் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று எழுதினார். ஓர் அறிவியலாளர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஒப்பிடும் இரண்டு குழுக்களின் நிலைமை ஒன்றாக இருக்க வேண்டும் என்பது ஆய்வின் பாலபாடம்.

'பெண்புத்தி பின்புத்தி' என்று நம் ஊரில் சொல்வதற்கு யாரும் தராசைத் தூக்கவில்லை. 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்பதற்கும் அப்படியே. விக்டோரியா காலத்து லண்டன் அதே நம்பிக்கைக்குக் கிராம் கணக்கு எழுதியது. பழமொழியை அனுபவத்தால் மறுக்கலாம். கிராம் கணக்கைக் கிராம் கணக்கால்தான் மறுக்க வேண்டும். அதைச் செய்ய ஒரு பெண் கணக்குப் படித்திருக்க வேண்டும்.

சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே

மூளை எடைக்குப் பக்கத்தில் இன்னொரு வாதமும் ஓடிக்கொண்டிருந்தது. உடம்பில் சக்தி ஓர் அளவுக்குத்தான் இருக்கிறது, பெண் அதைப் படிப்பில் செலவழித்தால் பிள்ளைப்பேற்றுக்கு மிஞ்சாது என்பது. லண்டன் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி 1874இல் ஓர் இதழில் இதை எழுதினார். எலிசபெத் கேரெட் ஆண்டர்சன் அதே இதழில் பதில் எழுதினார். கல்லூரிகள் எல்லாம் கதவைச் சாத்தியும் மருந்தாளர் சங்கத்தின் விதியில் இருந்த ஓர் இடைவெளி வழியாக 1865இல் மருத்துவ உரிமம் வாங்கியவர் அவர். அவருக்குப் பிறகு அந்தச் சங்கம் விதியையே மாற்றிவிட்டது. வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாதம் முழுக்க இடைவிடாமல் உழைக்கிறார்களே, அவர்கள் உடம்பைப் பற்றி எந்த மருத்துவரும் கவலைப்படவில்லையே என்று கேட்டார். இளம் பெண்களை நலிவடைய வைப்பது படிப்பு அல்ல, செய்வதற்கு ஒன்றுமில்லாத வெறுமைதான் என்றார். பாத்திரம் தேய்க்கும்போது தீராத சக்தி புத்தகம் படிக்கும்போது மட்டும் தீர்ந்துவிடுவதாகச் சொன்ன கொள்கைக்கு அதைவிட நேரான பதில் கிடையாது.

அதே 1874இல் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது. மறு ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவர் மேரி ஷார்லிப். கணவர் சென்னையில் வழக்கறிஞர். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டாமல் பிரசவத்தில் சாவதைக் கேள்விப்பட்டு மருத்துவம் படிக்கக் கிளம்பியவர். சென்னையில் உரிமம் பெற்று, பிறந்த ஊரான லண்டனுக்குப் போனார். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது 1878இல். ஷார்லிப் 1882இல் மகப்பேறு மருத்துவத்தில் தங்கப் பதக்கத்தோடு தேறினார். திரும்பி வந்து 1885இல் பெண்களுக்கென்று ஒரு மருத்துவமனையைத் தொடங்கிவைத்தார். திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இப்போது இருப்பது அதுதான். பழைய சென்னைவாசிகளுக்கு அது இன்றும் கோஷா ஆஸ்பத்திரி.

அதாவது, ரோமானிஸ் ஐந்து அவுன்ஸ் கட்டுரையை எழுதியபோது, லண்டனில் ஆண்களோடு சேர்ந்து தேர்வெழுதித் தங்கப் பதக்கம் வாங்கிய ஒரு பெண் ஏற்கெனவே அறுவை அறையில் நின்றுகொண்டிருந்தார். கண்ணெதிரே இருந்த அந்தச் சான்று வாதத்தை அசைக்கவில்லை. அவர் ஒரு விதிவிலக்கு என்று சொல்லிவிட்டால் போதும். சராசரியைச் சொல்லி வாயடைத்தவர்களைச் சராசரியைக் கொண்டுதான் மடக்க முடியும்.

கடுகும் ஈயக் குண்டும்

மண்டை ஓட்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எப்படி அளப்பது? செத்தவர்களுடையது என்றால் வழி இருக்கிறது. ஓட்டிலுள்ள கண்குழி, நரம்புத் துளைகள் எல்லாவற்றையும் பஞ்சால் அடைப்பார்கள். தலைகீழாகப் பிடித்து, முதுகுத்தண்டு சேரும் பெரிய துளை வழியாகக் கடுகைக் கொட்டுவார்கள். தட்டித் தட்டி நிறைத்து, பிறகு அந்தக் கடுகை அளவுக் குடுவையில் கவிழ்த்து எத்தனை கன சென்டிமீட்டர் என்று பார்ப்பார்கள். கடுகு லேசானது, மணிக்கு மணி அளவு மாறும். கட்டைவிரலால் கொஞ்சம் அழுத்தினால் இன்னும் ஒரு கைப்பிடி உள்ளே போகும். அளப்பவர் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கும் ஓட்டில் அந்தக் கட்டைவிரல் தானாகவே கூடுதலாக அழுத்தக்கூடும். பிலடெல்பியாவில் மண்டை ஓடுகளை அளந்துவந்த சாமுவேல் மார்ட்டன் கடுகில் ஆரம்பித்து, விடை நிலையாக வராததால் ஈயக் குண்டுக்கு மாறினார்.

எப்படி அளந்தாலும் இந்த முறையில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கடுகு கொட்டி அளந்த தலை உயிரோடு இருந்தபோது எவ்வளவு கெட்டிக்கார மனிதருடையது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. அறிவு தெரிந்த மனிதர்களோ உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையில் கடுகு கொட்ட முடியாது.

ஆலிஸ் லீ இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர ஒரு வழி கண்டார். ஏற்கெனவே கொள்ளளவு அளக்கப்பட்ட மண்டை ஓடுகளின் வெளி நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். வெளியளவுக்கும் உள்ளளவுக்கும் என்ன தொடர்பு என்று பார்த்து ஒரு சமன்பாட்டை உருவாக்கினார். பிறகு உயிருள்ளவர்களின் தலையில் தோலுக்கும் தசைக்கும் ஒரு கழிவு போட்டு, அதே சமன்பாட்டில் பொருத்தினார். இன்றும் அது 'லீ–பியர்சன் சூத்திரம்' என்ற பெயரில் வழங்குகிறது. ஆண்களுக்கான வடிவத்தைக் கையால் போட்டுப் பார்க்கலாம். நீளம் 190 மில்லிமீட்டர், அகலம் 150, உயரம் 130 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 11 கழித்தால் 179, 139, 119. மூன்றையும் பெருக்கினால் 29 லட்சத்து 60 ஆயிரத்துச் சொச்சம். அதை 0.000337ஆல் பெருக்கி 406ஐக் கூட்டினால் ஏறத்தாழ 1,404 கன சென்டிமீட்டர். பெண்களுக்கான சூத்திரத்தில் எண்கள் வேறு; முறை அதுவே. இந்தியாவின் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களின் தலையை அளந்து எழுதப்படும் கட்டுரைகளில் இன்றும் இந்தச் சூத்திரம் வருகிறது. அதை எழுதும் பலருக்கு லீ என்பவர் ஒரு பெண் என்பது தெரிந்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு.

இந்தக் கணக்கைப் போட இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவதை ஒரே எண்ணில் சொல்லும் கருவி வேண்டும். அந்த ஒட்டுறவுக் கெழுவை யுனிவர்சிட்டி கல்லூரியில் கார்ல் பியர்சன் அப்போதுதான் செம்மைப்படுத்தியிருந்தார். லீ 1895இல் அவருடைய வகுப்புகளில் உட்கார்ந்து அதைக் கற்றவர். கெழு 1 என்றால் ஒன்று ஏற மற்றதும் தவறாமல் ஏறும். 0 என்றால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. அதுவரை 'பெரும்பாலும்', 'பொதுவாக' என்று பேசிவந்த இடத்தில் இனி 'எவ்வளவு?' என்று கேட்க முடிந்தது.

விடை வந்தது. மூன்று குழுவினரையும் கணித்த கொள்ளளவுப்படி லீ வரிசைப்படுத்தினார். ஆண்களின் பெயரையும் போட்டார். பாசல் நகரத்தின் யூலியஸ் கோல்மன், அன்றைய மானிடவியலாளர்களில் மிகத் திறமையானவர்களில் ஒருவர், டப்ளின் பட்டியலின் அடிமட்டத்தில் இருந்தார். புகழ்பெற்ற உடற்கூறியலாளர்கள் சிலரைவிடப் பெட்ஃபர்ட் மாணவிகள் சிலருக்கு மண்டைக் கொள்ளளவு அதிகமாக இருந்தது. தலையின் அளவை வைத்து அறிவைச் சொல்ல முடியாது என்பது அவர் முடிவு.

பெயர் போட்டதுதான் அவருடைய துணிச்சல். பெண்களின் தலை சிறிது, எனவே அறிவு குறைவு என்பதை ஒப்புக்கொண்டால், கோல்மனின் அறிவும் குறைவு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த அறிஞர் சபை அதை ஒப்புக்கொள்ளும்? ஆராய்ச்சிப் பட்டத்துக்கு லீ இதைச் சமர்ப்பித்தபோது தேர்வாளர்கள் திருப்தியடையவில்லை. எடின்பரோவின் சர் வில்லியம் டர்னர் அவர்களில் ஒருவர். டப்ளினில் அளக்கப்பட்ட தலைகளில் அவருடையதும் உண்டு. பியர்சன் குறுக்கிட்டு வாதாட வேண்டியிருந்தது. 1901இல் லண்டன் பல்கலைக்கழகம் லீக்கு டி.எஸ்ஸி. பட்டம் கொடுத்தது. அதே ஆண்டு கட்டுரை ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தது. ஒரு பெண்ணின் கட்டுரையை அச்சிட்ட அந்தச் சபை, ஒரு பெண்ணை உறுப்பினராக்கத் தயாராக இல்லை. மறு ஆண்டு, மின்வில் பற்றி ஆராய்ந்த ஹெர்த்தா அயர்ட்டனின் பெயர் உறுப்பினர் பதவிக்கு முன்மொழியப்பட்டபோது, மணமான பெண்ணுக்குச் சட்டப்படி அந்தத் தகுதி கிடையாது என்று வழக்கறிஞர்களின் கருத்தைக் காட்டி மறுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அவருக்கே பதக்கமும் கொடுத்தது. முதல் பெண் உறுப்பினர்களாகக் கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீஃபன்சனும் உள்ளே வர 1945 ஆனது.

கருவியும் கையும்

பியர்சன் 1906இல் இன்னும் பெரிய கணக்கைப் போட்டார். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆயிரம் பேர், பள்ளிப் பிள்ளைகள் ஐயாயிரம் பேர். தலையளவுக்கும் அறிவுக்கும் ஒட்டுறவு 0.11ஐ ஒட்டி வந்தது. இதை வர்க்கப்படுத்தினால் நூற்றில் ஒரு பங்கு. அறிவில் ஆளுக்கு ஆள் இருக்கும் ஏற்ற இறக்கத்தில் தொண்ணூற்றொன்பது பங்கு வேறு காரணங்களால் வருவது.

நூற்றாண்டு கடந்து, காந்த அதிர்வு ஸ்கேன் மூலம் மூளையை நேராகவே அளக்க முடிகிறது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, எட்டாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் அளவுகளைச் சேர்த்துப் பார்த்து ஒட்டுறவு 0.24 என்றது. அறவே தொடர்பில்லை என்று சொல்ல முடியாது, சிறிதளவு இருக்கிறது. இதை மறைப்பது லீக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஆணின் மூளை சராசரியாகப் பத்து விழுக்காடு அளவுக்குப் பெரியது. பெண் மூளை சிறியதாக இருப்பதற்கேற்ப நுண்ணறிவுத் தேர்வுகளில் சராசரி இறங்க வேண்டுமே? இறங்குவதில்லை. ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஐந்து அவுன்ஸ் உடலின் அளவோடு வந்த ஐந்து அவுன்ஸ்தான். ஆணின் இதயமும் நுரையீரலும்கூடச் சராசரியில் பெரியவையே.

சராசரி என்பதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் ஒரு தவறு தொடர்ந்து நடக்கிறது. ஆண்களின் சராசரி உயரம் பெண்களுடையதைவிட அதிகம். அதற்காக, பேருந்தில் மேலே இருக்கும் பையை எடுத்துத்தர ஆள் தேடும்போது யாரும் சராசரியைக் கேட்பதில்லை. யாருக்குக் கை எட்டுகிறதோ அவர் எடுத்துத் தருகிறார். மூளையில் அளக்கப்படும் வித்தியாசங்கள் பெரும்பாலானவை உயர வித்தியாசத்தைவிடச் சிறியவை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழுவினர் 2015இல் 1,400 மூளைகளின் ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஆண்களிடம் அதிகம் காணப்படும் கூறுகளும் பெண்களிடம் அதிகம் காணப்படும் கூறுகளும் ஒரே மூளையில் கலந்துகிடந்தன. எல்லாக் கூறுகளும் ஒரே பக்கம் சாய்ந்திருந்த மூளைகள் மிகச் சொற்பம். இந்த முடிவோடு மாறுபடும் ஆய்வாளர்களும் உண்டு. கூறுகள் முழுவதையும் கணினியிடம் கொடுத்தால் இது ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுகிறது என்பார்கள். சொல்லட்டும். முகத்தைப் பார்த்தும் சொல்லிவிடலாம். அதிலிருந்து யார் கணக்கு வாத்தியாராகலாம், யார் சமைக்க வேண்டும் என்பது கிடைக்காது.

லீயின் கதையில் இருண்ட பக்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பெண்களின் தலை பற்றிய பொய்யை உடைத்த அதே பியர்சனின் ஆய்வகம், மனித இனத்தை மேம்படுத்துகிறேன் என்று கிளம்பிய இனமேம்பாட்டியலின் கோட்டையாக இருந்தது. லண்டனில் குடியேறிய யூதப் பிள்ளைகள் தரம் குறைந்தவர்கள் என்று 1925இல் எண்களோடு எழுதியவரும் இதே பியர்சன்தான். பெண்கள் விஷயத்தில் நம்பிக்கையை எண்ணுக்குக் கீழே வைத்தவர், இன விஷயத்தில் எண்ணை நம்பிக்கைக்குக் கீழே வைத்தார். 2020இல் யுனிவர்சிட்டி கல்லூரி தன் கட்டடத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டது. ஒட்டுறவுக் கெழு அவர் பெயரிலேயே இருக்கிறது.

லீயின் பெயர் எங்கே இருக்கிறது? தந்தை, மகன் உயரம் பற்றிய 1,078 ஜோடி அளவுகளைப் புள்ளியியல் படித்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். 1903இல் அதை வெளியிட்டவர்கள் பியர்சனும் லீயும். பாடப் புத்தகங்கள் பலவற்றில் பியர்சன் மட்டும் நிற்கிறார். லீ 1916இல் பெட்ஃபர்ட் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றபோது அவருக்கு ஓய்வூதியம் கிடையாது. பியர்சனும் கல்லூரி முதல்வர் மார்கரெட் டியூக்கும் அரசுக்கு மனுப் போட்டு, 1923இல் ஆண்டுக்கு 70 பவுண்டு வாங்கிக்கொடுத்தார்கள்.

முதல் உலகப் போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் லண்டனின் மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களுக்குக் கதவைத் திறந்தன. 1920களில் ஒன்றன்பின் ஒன்றாக மீண்டும் சாத்திக்கொண்டன. இடைப்பட்ட பத்தாண்டுகளில் யாருடைய மூளையின் எடையும் மாறவில்லை. நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது, பிறகு தேவைப்படவில்லை, அவ்வளவுதான் மாறியது. கதவு மறுபடி முழுதாகத் திறக்க இன்னொரு போர் முடிய வேண்டியிருந்தது.

இருபத்தைந்தாயிரம் தெருக்கள்

கென்னார்ட் டார்வினிடம் கேட்டதற்கு வருவோம். சூழல் மாறினால் மூளை மாறுமா? இதற்குத் தெளிவான விடைகளில் ஒன்று லண்டன் தெருவிலேயே கிடைத்தது.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட வேண்டுமானால், சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தொலைவுக்குள் உள்ள ஏறத்தாழ 25,000 தெருக்களையும் அவற்றின் முக்கிய இடங்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இந்தப் படிப்புக்கு 'நாலெட்ஜ்' என்றே பெயர். மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். முன்னால் வரைபடம் பொருத்திய மொபெட்டில், மழையென்றும் குளிரென்றும் பாராமல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருப்பவர்களை லண்டனில் பார்க்கலாம். தேர்வாளர் இரண்டு இடங்களைச் சொல்வார். எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று வாயாலேயே வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும்.

யுனிவர்சிட்டி கல்லூரியின் எலினார் மக்வயர் 2000ஆம் ஆண்டில் 16 டாக்சி ஓட்டுநர்களின் மூளையை ஸ்கேன் செய்தார். இட நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. முன்பகுதி சிறிதாக இருந்தது; ஓரிடத்தில் வளர்ந்ததற்கு வேறிடத்தில் விலை கொடுத்ததுபோல. தொழிலில் இருந்த ஆண்டுகள் கூடக் கூடப் பின்பகுதியும் பெரிதாக இருந்தது. உடனே ஒரு சந்தேகம் எழுந்தது. பிறவியிலேயே பெரிய ஹிப்போகாம்பஸ் உள்ளவர்கள்தான் இந்தத் தொழிலுக்கு வருகிறார்களோ?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஆய்வுக்கு வந்த ஓட்டுநர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அந்தத் தொழிலில் பெண்கள் மிகச் சிலரே. ஆண்கள் ஓட்டும் தொழில் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அதனால் ஆண்கள் ஓட்டுகிறார்கள். அதனால் அவர்கள் மூளையின் ஒரு பகுதி வளர்ந்திருக்கிறது. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் ஸ்கேனில் பார்ப்பவர், ஆணின் மூளை வழி கண்டுபிடிப்பதற்கென்றே அமைந்தது என்று எழுதிவிடுவார். நம் வீடுகளில் வண்டிச் சாவி யார் கைக்கு முதலில் போகிறது, இருட்டிய பிறகு வெளியே சுற்ற யாருக்கு அனுமதி கிடைக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், இப்படி ஒரு முடிவுக்கு வருவது எவ்வளவு சுலபம் என்பது புரியும்.

மக்வயரும் கேத்ரீன் வூலெட்டும் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, படிப்பை அப்போதுதான் தொடங்கிய 79 பேரைப் பிடித்தார்கள். படிப்புக்கு முன் ஒரு ஸ்கேன், பல ஆண்டுகள் கழித்து இன்னொரு ஸ்கேன். அவர்களில் 39 பேர் தேறினார்கள். தேறியவர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கும், படிப்பில் இறங்காதவர்களுக்கும் வளரவில்லை. தேறியவர், தேறாதவர், படிப்பில் சேராதவர் என்று மூன்று குழுவினருடைய முதல் ஸ்கேன்களையும் எடுத்து வைத்து ஒப்பிட்டார்கள். அவற்றில் எந்த வித்தியாசமும் இல்லை. 2011இல் இது வெளிவந்தது. முதல் நாளிலேயே அளந்து வைத்திருந்ததால்தான் இதைச் சொல்ல முடிந்தது. புரோகாவின் தராசில் ஏறிய 432 மூளைகளில் ஒன்றுக்கும் அப்படி ஒரு முதல் நாள் அளவு கிடையாது.